முப்பது பிள்ளைகள் என்றதும் பின்வாங்காதே

அன்பு மகளுக்கு,

நீ பார்த்துவிட்டு வந்த இரண்டு மாண்டிசோரி பள்ளிகளில் ஒன்றில் வகுப்புக்கு 12 பிள்ளைகள், மற்றதில் 30 என்று எழுதியிருந்தாய். பன்னிரண்டு பேர் என்றால் குட்டிக்குக் கவனிப்பு கூடுதலாகக் கிடைக்கும் என்பது உன் கணக்கு. வேறு பாலர் பள்ளியாக இருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். இங்கே அந்தக் கணக்கு செல்லாது.

மாண்டிசோரி டீச்சர் எல்லோரையும் உட்கார வைத்துப் பாடம் நடத்துவதில்லை. ஒரு பிள்ளையை அழைத்து, ஒரு சாமானை எப்படிக் கையாள்வதென்று காட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். மீதியைச் சாமானே பார்த்துக்கொள்ளும். குமிழ் வைத்த உருளைக் கட்டையில் பத்து உருளை, பத்துக் குழி. சின்ன உருளையைப் பெரிய குழியில் போட்டுவிட்டால், கடைசியில் ஓர் உருளை எதிலும் இறங்காமல் கையில் நிற்கும். தப்பு என்று சொல்ல ஆள் தேவையில்லை.

இரண்டாவது, மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரை ஒரே அறை. சின்னது பெரியதைப் பார்த்துத்தான் பாதி கற்கிறது. முப்பது பேரில் வயதுக்குப் பத்துப் பேர் இருப்பார்கள், பன்னிரண்டில் நாலு. அந்த நாலில் இரண்டுக்குக் காய்ச்சல் வந்தால் பார்த்துக் கற்க யார் இருக்கிறார்கள்? பிள்ளைகள் குறைவாக இருந்தால் டீச்சரின் கையும் சும்மா இருக்காது. ஏப்ரன் முடிச்சை அவரே போடுவார், சிந்திய தண்ணீரை அவரே துடைப்பார். ஐந்து வயசுக்காரியிடம் போய் உதவி கேட்கும் பழக்கம் அங்கே முளைக்காது. சாமான் ஒவ்வொன்றிலும் ஒன்றே ஒன்று வைப்பதும் வேண்டுமென்றேதான், காத்திருக்கப் பழகுவதற்காக. பன்னிரண்டு பேரில் காத்திருக்கும் தேவையே அபூர்வம்.

இந்த முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி 1929-ல் தொடங்கிய சர்வதேசச் சங்கத்தின் வழி நடக்கும் பள்ளிகள் 3–6 வகுப்பில் பொதுவாக 28 முதல் 35 பேர் வரை சேர்க்கின்றன. பயிற்சி பெற்ற டீச்சர் ஒருவர், உதவியாளர் ஒருவர். 1907-ல் ரோமில் தொடங்கிய முதல் பள்ளியில் சுமார் 50 பேர்! பெரியவர் எண்ணிக்கையில் உங்கள் ஊர்ச் சட்டம் சொல்வதற்குக் கீழே மட்டும் எந்தப் பள்ளியும் போகக்கூடாது. மூன்று வயதுக்குக் கீழே என்றால் நான் சொன்னது எதுவும் பொருந்தாது. அங்கே பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று பெரியவர்கள் வேண்டும்.

இதைப் படித்துவிட்டு முப்பதுக்கு ஓடிப் பணம் கட்டிவிடாதே. முப்பதும் மூன்று வயதுக் குழந்தைகளாக இருந்தால் அது மாண்டிசோரி இல்லை, மந்தை. வகுப்பு புதிதாகத் தொடங்கும்போது கொஞ்சம் பேரை மட்டும் சேர்த்து, மூன்று வருஷத்தில் நிரப்புவதுதான் முறை. பெயர்ப்பலகையை நம்பாதே. மாண்டிசோரி என்ற பெயர் யாருடைய சொத்தும் இல்லை, யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம்.

இரண்டு பள்ளியிலும் ஒரு நாற்காலி கேட்டு வாங்கி, காலையில் வேலை தொடங்கும் நேரத்திலிருந்து உட்கார். அரை மணி நேரம் போதாது. முதல் ஒரு மணி நேரம் போல ஆனதும் அறை சலசலக்கும். பிள்ளைகள் அலைவார்கள், பேச்சு கூடும். பார்க்க வந்தவர்கள் "ஒழுங்கே இல்லை" என்று எழுந்து போவது அப்போதுதான். அது பொய்ச் சோர்வு. பெரியவர்கள் தலையிடாமல் விட்டால் தானே அடங்கும், நாளின் கனமான வேலை அதற்குப் பிறகுதான் வரும். சில பள்ளிகள் பயந்துபோய் அந்த நேரத்தில் மணியடித்துப் பாட்டு வகுப்புக்குக் கூட்டிப்போகும். இடைவெட்டில்லாமல் மூன்று மணி நேரம் வேண்டும் என்பது இதற்காகத்தான். கால அட்டவணையை வாங்கிப் பார், காலைப் பொழுதைத் துண்டு போட்டிருந்தால் வேறெதுவும் கேட்க வேண்டாம்.

உட்கார்ந்திருக்கும்போது ஒன்றை மட்டும் எண்ணு: வேலையில் மூழ்கிய பிள்ளையைப் பெரியவர் எத்தனை முறை கலைக்கிறார்? "வெரி குட்" சொல்வதும் கலைப்பதுதான்.

கிளம்பும் முன் பிங்க் டவரைப் பார், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் கட்டைக் கோபுரம் அது. பத்துக் கனசதுரம், அடியில் 10 சென்டிமீட்டர், உச்சியில் 1 சென்டிமீட்டர். முதலில் தொலைவது உச்சிக் கட்டைதான். அது இல்லையென்றால் அந்த அலமாரியைத் தினமும் பார்க்க ஆளில்லை என்று அர்த்தம். விரித்த பாய்களை மிதிக்காமல் பிள்ளைகள் நடக்க இடம் இருக்கிறதா என்றும் பார். 30 பேர் வகுப்பு கெடுவது பெரும்பாலும் இடத்தால்தான்.

டீச்சரின் டிப்ளமோ எந்த வயதுக்கு என்று கேள். 3–6-க்கும் 6–12-க்கும் பயிற்சி தனித்தனி. பிறகு, ஐந்து வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர் தங்குகிறார்கள்? பல பெற்றோர் அந்த வயதில் வேறு பள்ளிக்கு மாற்றிவிடுகிறார்கள். எண்ணக் கற்கும் சாமானான பொன்மணிகளில் ஆயிரம் வரை தூக்கிப் பார்த்த கை, காகிதத்தில் கூட்டத் தொடங்குவது பெரும்பாலும் அந்த மூன்றாம் வருஷத்தில். அந்தப் பெரிய பிள்ளைகள் போய்விட்டால் தங்கியிருக்கும் சின்னதுகளுக்கும் நஷ்டம். நீயும் ஐந்தில் மாற்றப்போகிறாய் என்றால், இவ்வளவு அலைச்சல் தேவையா என்று மாப்பிள்ளையோடு உட்கார்ந்து பேசு.

இரண்டு பள்ளியிலும் வயதுவாரியாக எத்தனை பேர் என்று கேட்டு எழுது. 12 பேர் பள்ளி, இது இரண்டாவது வருஷம்தான், இன்னும் நிரப்பிக்கொண்டிருக்கிறோம் என்று சொன்னால், நான் அதையே யோசிப்பேன்.

அன்புடன்,
அம்மா