மீன் சாப்பிடவில்லையா? மருந்துக்கு முன் சில கேள்விகள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் கடைக்கு வந்து, "கடல்மீன் தொட்டியில் மீன் நேற்றிலிருந்து தீனியைத் தொடவே இல்லை, ஏதாவது மருந்து கொடுங்கள்" என்று வருகிறவர்களுக்கு நாங்கள் உடனே பாட்டிலை எடுத்துக் கொடுப்பதில்லை. கேள்விமேல் கேள்வி கேட்கிறோம். சிலருக்கு இது எரிச்சலாக இருக்கிறது என்று தெரியும். ஏன் கேட்கிறோம் என்று சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் தண்ணீர். அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். உப்பளவு (ஒப்படர்த்தி எண்ணில்) 1.024-லிருந்து 1.026-க்குள், வெப்பம் 24-லிருந்து 27 டிகிரிக்குள் இருந்தால் போதும். "தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது" என்ற பதில் எங்களுக்கு உதவாது, எண் வேண்டும். கண்ணாடி போலத் தெளிந்த தண்ணீரிலும் அமோனியா இருக்கும், அது செவுளை அரிக்கும். செவுள் எரிகிற மீனுக்குச் சாப்பிடத் தோன்றாது. உப்பளவும் சத்தமில்லாமல் ஏறும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். குறைந்த அளவுக்கு நன்னீரை ஊற்றாமல் உப்புநீரை ஊற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

தண்ணீர் சரியென்றால், அடுத்து அது என்ன மீன், எப்போது வந்தது என்று கேட்போம். புதிதாக வந்த மீன் இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் ஒளிந்துகொள்வது வழக்கம்தான். விளக்கைக் குறைத்து, ஒளிய இடம் கொடுத்து, விட்டுவிடுங்கள். மைசிஸை (இறால் போன்ற சின்ன உயிரி, உறைய வைத்த தீனி) வாயில் வாங்கி உடனே துப்புகிற மீனைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். எங்களுக்கு அது நல்ல செய்தி. அதற்குப் பசி இருக்கிறது, இது தீனி என்று இன்னும் புரியவில்லை. உயிருள்ள ஆர்டீமியாவில் (உப்புநீர்ச் சிற்றிறால்) தொடங்கி, உறைந்த தீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தால் பெரும்பாலும் பழகிவிடும். காப்பர்பேண்ட் பட்டாம்பூச்சி மீனுக்கு ஓடு திறந்த மட்டியைப் பாறையில் வைத்துப் பாருங்கள், அந்த நீள மூக்கு இடுக்கில் குத்தி எடுக்கவே அமைந்தது. டாங் மீனுக்கு நோரிப் பாசி. ஆந்தியாஸ் மீனுக்கு ஒரு வேளை தீனி போதாது, நாளில் பலமுறை கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். மாண்டரின் மீன் விஷயம் வேறு. அது நாளெல்லாம் பாறையில் கோபிபாடு என்னும் நுண்ணிய உயிரிகளைப் பொறுக்கித் தின்னும் மீன், சிறிய புதுத் தொட்டியில் சில வாரங்களில் வயிறு ஒட்டிப்போகும். அதற்கு எந்த மருந்தும் கிடையாது. மாண்டரின் கேட்டால் முதலில் உங்கள் தொட்டியின் அளவையும் வயதையும் கேட்பது இதனால்தான். எந்த மீனானாலும் வாங்கும் முன் கண்ணெதிரே தீனி போட்டுக் காட்டச் சொல்லுங்கள், தயங்க வேண்டாம்.

அப்புறம் மூச்சு. செவுள் மூடி படபடவென்று அடித்துக்கொண்டு, மீன் வெளிச்சத்தை விட்டு விலகி, பம்ப் நீரோட்டத்துக்கு எதிரே போய் நின்றால் காத்திருக்காதீர்கள். வெல்வெட் என்னும் ஒட்டுண்ணி நோயாக இருக்கலாம். இருட்டில் பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் உடலில் மெல்லிய தூசி படிந்த மாதிரி மினுங்கும். தூசி கண்ணுக்குத் தெரியும் முன்பே செவுள் கெட்டிருக்கும், ஓரிரு நாளில் தொட்டியே காலியாகலாம். கோமாளி மீனின் உடலிலிருந்து வெள்ளைச் சளி உரிந்து தொங்கினால் அது புரூக்லினெல்லா என்னும் இன்னொரு ஒட்டுண்ணி. அதுவும் வேகமாகக் கொல்லும், ஆனால் அதற்கு, வெல்வெட்டுக்குப் போடும் காப்பர் (செம்பு) மருந்தை நம்பக் கூடாது, ஃபார்மலின் என்ற மருந்து வேண்டும்.

வெண்புள்ளி நோய் இவ்வளவு அவசரப்படுத்தாது, ஆனால் ஏமாற்றும். உப்புத் தூவியது போன்ற புள்ளிகள் சில நாளில் உதிர்ந்துவிடும். "மருந்தே போடாமல் குணமாகிவிட்டது" என்று மகிழ்ச்சியாகச் சொல்வார்கள். உண்மையில் மூன்று முதல் ஏழு நாள் மீனின் தோலில் தின்று கொழுத்த ஒட்டுண்ணி மணலிலும் பாறையிலும் கூடு கட்டிக்கொண்டு உள்ளே பெருகிக்கொண்டிருக்கிறது. நாட்களோ வாரங்களோ கழித்து ஒரு கூட்டிலிருந்தே நூற்றுக்கணக்கில் வெளியேறி மறுபடி மீனைத் தேடும். மீன் கிடைக்காவிட்டால் ஓரிரு நாளில் செத்துவிடும். ஆகவே எல்லா மீன்களையும் வேறு தொட்டிக்கு மாற்றி, பிரதான தொட்டியை 76 நாள் மீனே இல்லாமல் விடுவது பரவலான வழக்கம். நீண்ட காலம்தான், குறுக்குவழி எதுவும் எங்களிடம் இல்லை.

வெண்புள்ளிக்கும் போடும் காப்பரைப் பவளமும் இறாலும் நத்தையும் உள்ள தொட்டியில் ஊற்றவே கூடாது, அவை செத்துவிடும். பாறையும் மணலும் காப்பரை உறிஞ்சுவதால் அளவும் நிற்காது. மருந்து போட, மணல் இல்லாத தனித் தொட்டி, ஒரு ஸ்பாஞ்ச் பில்டர், ஹீட்டர், ஒளிய இரண்டு பிவிசி குழாய்த் துண்டுகள், இவ்வளவு போதும். காப்பர் மருந்தில் இரண்டு வகை உண்டு: அயனிக் காப்பருக்கும், வேறு சேர்மத்தோடு பிணைத்த செலேட்டட் காப்பருக்கும் அளவு பல மடங்கு மாறும், ஒன்றின் எண்ணை மற்றதற்கு எடுத்தால் மீன் சாகும் அல்லது நோய் சாகாது. உங்கள் மருந்துக்குப் பொருந்தும் டெஸ்ட் கிட் இல்லாமல் காப்பரை விற்க மாட்டோம். காப்பர் பசியை மந்தமாக்கும், ஏற்கனவே சாப்பிடாத மீனுக்குச் சில நாளில் படிப்படியாக ஏற்றுங்கள். அமோனியாவைக் கட்டும் திரவங்களைக் காப்பரோடு சேர்க்க வேண்டாம், சில சேர்ந்தால் விஷமாகும். அந்தத் தொட்டியில் அமோனியா ஏறினால் தண்ணீர் மாற்றுவதுதான் வழி, மாற்றும் நீரிலும் அதே அளவு காப்பர் இருக்கட்டும்.

பூண்டுச் சாறு பற்றியும் நிறையப் பேர் கேட்கிறீர்கள். தீனியில் தொட்டுக் கொடுத்தால் சில மீன்கள் ஆவலாக வரும். நோயைத் தீர்க்கும் என்று நாங்கள் விற்க மாட்டோம்.

அடுத்த முறை வரும்போது சுத்தமான பாட்டிலில் விளிம்புவரை தொட்டித் தண்ணீர், தொட்டியில் உள்ள மீன்களின் பட்டியல், ஒரு நிமிட வீடியோ ஆகியவற்றைக் கொண்டுவாருங்கள். வீடியோவை விளக்கு எரியும்போது பக்கவாட்டிலிருந்து எடுங்கள், செவுள் அசைவது தெரிய வேண்டும். மீன் மூச்சுத் திணறினால் நேரில் வருவதற்கு முன்பே போன் செய்யுங்கள்.

அன்புடன்,
கடையினர்