மேசைக்குப் பின்னால் நின்ற உங்களுக்கு

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். பழைய வீட்டுக் கணினிகளின் கண்காட்சி நல்லபடியாக முடிந்தது. வந்தவர்களில் பலர் என் கையைப் பிடித்துப் பாராட்டிவிட்டுப் போனார்கள். மேசைமேல் இருந்த பெட்டிகள் என்னுடையவை, ஆனால் அவை ஓடியது உங்களால். அதை எல்லாரும் அறியச் சொல்ல வேண்டும் என்றுதான் இந்த மடல்.

எதையும் கண்ணாடிக்குள் பூட்டி வைக்க வேண்டாம், எல்லாவற்றையும் ஓடவிடுவோம், வருகிறவர்கள் தாராளமாகத் தட்டிப் பார்க்கட்டும் என்று நான் கேட்டபோது உங்களில் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. நாற்பது வயதான கணினியை நாள் முழுவதும் அடுத்தவர் கையில் கொடுப்பது எவ்வளவு வேலை வைக்கும் என்று தெரிந்தே ஒப்புக்கொண்டீர்கள். 80-களின் வீட்டுக் கணினிகளில் பெரும்பாலானவை சுவிட்சைப் போட்டதும் பேசிக் என்ற எளிய நிரல் மொழியோடு வந்து நிற்கும். நாம் ஏதாவது தட்டினால்தான் அடுத்தது நடக்கும். அணைத்து வைத்துவிட்டால் அதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

முதல் நன்றி மின்சாரத்தைப் பார்த்துக்கொண்ட அண்ணனுக்கு. தான் சோதிக்காத எதையும் பிளக்கில் செருகக் கூடாது என்று தொடக்கத்திலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். 1982-இல் வந்த கமடோர் 64 என்ற வீட்டுக் கணினிக்கு மின்சாரம் தருவது வெளியே இருக்கும் ஒரு கனமான பெட்டி. உள்ளே பிசின் ஊற்றி அடைத்திருப்பதால் சூடு வெளியேற வழியில்லை. வயதாக ஆக, வோல்டேஜை நிலையாக வைக்கும் ரெகுலேட்டர் பழுதாகி, 5 வோல்ட் வர வேண்டிய கம்பியில் கூடுதலாக வரும். அப்படி வந்தால் முதலில் சாவது நினைவகச் சில்லுகள். அண்ணன் ஒவ்வொரு பெட்டிக்கும் லோடு கொடுத்து மல்டிமீட்டரில் அளந்தார். ஒன்று ஐந்தரையைத் தாண்டியது. யாரும் தெரியாமல் எடுத்துவிடக் கூடாது என்று அதன் பிளக்கை அங்கேயே வெட்டி எறிந்துவிட்டு, தான் புதிதாகக் கட்டிய ஒன்றைக் கொடுத்தார். பிபிசி மைக்ரோ கணினியின் பவர் சப்ளையில் விரிசல் விட்டிருந்த வடிகட்டிக் கெப்பாசிட்டர்களையும் முன்கூட்டியே மாற்றிவிட்டார். அவற்றை அப்படியே விட்டிருந்தால் கூட்டத்துக்கு நடுவே புகை வந்திருக்கும். ஸ்பெக்ட்ரம் என்ற இன்னொரு வீட்டுக் கணினியின் 9 வோல்ட் அடாப்டரில் நடுமுனை நெகட்டிவ். இன்று கிடைக்கும் அடாப்டர்களில் பெரும்பாலானவை இதற்கு நேர் எதிர். அதனால் ஒவ்வொரு அடாப்டரிலும் அதற்குரிய கணினியின் பெயரை எழுதிக் கட்டிவிட்டார். அண்ணா, அந்தச் சீட்டுகளை நான் இன்னும் அவிழ்க்கவில்லை, அவிழ்க்கவும் போவதில்லை.

அடுத்து, ஸ்பெக்ட்ரத்தின் விசைப்பலகைகளைப் பிழைக்க வைத்த தம்பிக்கு. அந்த ரப்பர் விசைகளுக்கு அடியில் இருப்பது இரண்டு மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள்தான். அவற்றின் வால் போன்ற நாடாக்கள் காலப்போக்கில் மொறுமொறுப்பாகி, தொட்டாலே ஒடிந்துவிடும். புதுத் தாள் போட வேண்டுமானால் மேலே ஒட்டியிருக்கும் உலோகத் தகட்டை முதலில் கழற்ற வேண்டும். ஒருமுறை மடிந்த தகட்டை மறுபடி நிமிர்த்த முடியாது. தம்பி ஹேர் டிரையரால் மெல்லச் சூடு காட்டி, பசை இளகிய இடத்தில் நூலை நுழைத்து, மூலையிலிருந்து மூலைக்கு இழுத்து இழுத்து எடுத்தார். அவ்வளவு நேரமும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். ஒரு சுருக்கமும் விழவில்லை.

பழைய பிக்சர் ட்யூப் டிவிகளைத் தந்த குடும்பத்துக்கும், மாடிப்படியில் அவற்றைச் சுமந்து ஏற்றி இறக்கியவர்களுக்கும் நன்றி. தட்டைத் திரை வைத்தால் போதாதா என்று சிலர் கேட்டார்கள். போதாது என்பதுதான் என் கருத்து. ஸ்பெக்ட்ரத்தின் படம் 256-க்கு 192 புள்ளிகள் மட்டும். பிக்சர் ட்யூபில் அந்தப் புள்ளிகள் ஒன்றோடொன்று இழைந்து தெரியும், தட்டைத் திரையில் கட்டம் கட்டமாக நிற்கும். அப்புறம், ஒளித் துப்பாக்கி விளையாட்டு. ட்யூபில் கதிர் திரையை வரைந்துகொண்டு போகும் கணத்தை வைத்துத்தான் துப்பாக்கி குறியைக் கண்டுபிடிக்கிறது, தட்டைத் திரையில் அது குருடு. டிவி கிடைத்திராவிட்டால் அந்த மேசையே இருந்திருக்காது.

டேப் ரெக்கார்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மெமரி கார்டிலிருந்து ஏற்றினால் விளையாட்டு சில நொடிகளில் வந்துவிடும். இருந்தாலும் ஒரு கணினியாவது கேசட்டில்தான் ஓட வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றார். வேறு வேறு டெக்கில் பதிவான கேசட்டுகள் என்பதால், ஒவ்வொன்றுக்கும் டேப்பைப் படிக்கும் ஹெட்டின் சாய்வைத் திருத்த வேண்டியிருந்தது. காதை ஸ்பீக்கரில் வைத்து, சின்ன ஸ்க்ரூடிரைவரால் ஹெட்டின் ஓரத் திருகை இம்மி இம்மியாகத் திருப்புவார். மந்தமாக இருந்த இரைச்சல் திடீரென்று கூர்மையாகும், உடனே கையை எடுத்துவிடுவார். திரையின் ஓரத்தில் சிவப்பும் வெளிர்நீலமுமாக அகலப் பட்டைகள் ஓடும். பிறகு நீலமும் மஞ்சளுமாக மெல்லிய கோடுகள். ஸ்பெக்ட்ரத்தின் 48 கே நினைவகம் முழுவதையும் நிரப்பும் விளையாட்டுக்கு ஐந்து நிமிடம்வரை ஆகும். அந்த ஐந்து நிமிடம்தான் கண்காட்சியிலேயே சிறந்த நேரம் என்பேன். முன்பின் தெரியாதவர்கள் சுற்றி நின்று, தாங்கள் முதலில் தொட்ட கணினியைப் பற்றி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

குழந்தைகளுக்கு பேசிக் சொல்லிக்கொடுத்த அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. ஒரு சிறுமி 'பார்டர்' கட்டளைக்கு ஒவ்வொரு எண்ணாகக் கொடுத்து ஓரத்தின் நிறத்தை மாற்றிக்கொண்டே வந்தாள். 7 வெள்ளை. 8 கொடுத்ததும் நிறம் தவறு என்று கணினி மறுத்துவிட்டது. அக்கா உடனே விளக்கம் சொல்லவில்லை. 1 என்ன நிறம், 2 என்ன நிறம், இரண்டையும் கூட்டினால் என்ன என்று மட்டும் கேட்டார். நீலம், சிவப்பு, 3 போட்டால் மெஜந்தா. 4 பச்சை. 2-உம் 4-உம் சேர்ந்து 6, மஞ்சள். நீலம், சிவப்பு, பச்சை என்ற மூன்று விளக்குகளை ஏற்றியும் அணைத்தும் எட்டு நிறம்தான் வரும் என்பதை அந்தப் பெண் தானே கண்டுபிடித்து, பின்னால் நின்ற அப்பாவுக்கு விளக்கினாள். இரும எண்களை இதைவிட நன்றாகச் சொல்லிக்கொடுத்து நான் பார்த்ததில்லை.

கணவரின் கமடோரையும் அவருடைய நோட்டுப் புத்தகத்தையும் தந்த அம்மாவுக்கு என் வணக்கம். நினைவக முகவரி 54296-இல் 15 போட்டால் ஒலி முழு அளவு, 53280-இல் 0 போட்டால் ஓரம் கறுப்பு என்று பக்கம் பக்கமாக அவர் கைப்பட எழுதியிருக்கிறார். பாப் யானஸ் வடிவமைத்த 'சிட்' ஒலிச் சில்லின் மூன்று குரல்களையும் தனித்தனியாகப் பழக்கியிருக்கிறார். அவர் எழுதிய ஒரு சின்ன இசை நிரலை அப்படியே தட்டச்சு செய்தோம். முதல் தடவையே ஓடியது. அம்மா அதை மறுபடி போடச் சொல்லிக் கேட்டார். அன்று மூடும்வரை அது அந்த மேசையில் ஒலித்துக்கொண்டே இருந்தது.

சுவரோரம் இடம் ஒதுக்கித் தனி மின்இணைப்பும் கொடுத்த அமைப்பாளர்களுக்கு, திரையில் கறுப்புப் பட்டை விழாமல் கேமராவின் வேகத்தைப் பொறுமையாகச் சரிசெய்து படம் எடுத்தவருக்கு, கடைசிவரை இருந்து கேபிள் சுருட்டியவர்களுக்கு, எல்லாருக்கும் நன்றி.

இரவல் தந்த பொருள்களைப் பெயர் ஒட்டித் தனித்தனிப் பையில் வைத்திருக்கிறேன். பெயர் இல்லாமல் ஒரு ஜாய்ஸ்டிக் மிஞ்சியிருக்கிறது: கறுப்பு உடல், சிவப்புப் பொத்தான், கம்பி ஓரிடத்தில் டேப் சுற்றியது. யாருடையது என்று சொல்லுங்கள், நானே கொண்டுவந்து தருகிறேன். அடுத்த கண்காட்சிக்கு அமிகா 500 கணினி ஒன்றைத் தயார் செய்ய நினைக்கிறேன். நினைவக அட்டையில் பேட்டரி கசிந்து செம்புத் தடங்களை அரித்திருக்கிறது. தடம் இழுத்துப் பற்றவைக்கத் தெரிந்தவர்கள் வந்தால் சேர்ந்து உட்காரலாம்.

நன்றியுடன்,
உங்கள் நண்பன்