‘சின்ன மிஸ்’ஸுக்கும் ஒரு தகுதிச் சான்று வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை தொடங்கியதும் நாளிதழ்களின் வரி விளம்பரப் பக்கத்தில் தண்டையார்பேட்டை, எருக்கஞ்சேரி, திருவொற்றியூர் என எங்கள் பகுதிப் பெயர்களோடு ‘நர்சரிப் பள்ளிக்கு அசிஸ்டன்ட் டீச்சர் தேவை’ என்ற வரிகள் தென்படத் தொடங்கிவிடும். பெண்கள் மட்டும், அருகில் வசிப்பவர்களுக்கு முன்னுரிமை, நேரில் வரவும் என்பதெல்லாம் அதில் இருக்கும். என்ன படித்திருக்க வேண்டும் என்பது மட்டும் பெரும்பாலும் இருக்காது. ஆள் கேட்பவர்களுக்கே அது தெரியாது. கொருக்குப்பேட்டையில் குடியிருந்துகொண்டு பதினொரு ஆண்டுகளாக இந்த வேலையைப் பார்த்துவருகிறேன். வகுப்பில் ஆசிரியருக்குத் துணையாக நிற்பவர்களுக்கு அரசு ஏற்கும் ஒரு பயிற்சியும் தகுதிச் சான்றும் வட சென்னையிலேயே கிடைக்க வழி செய்ய வேண்டும் என்று கேட்டே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அரசுப் பள்ளிகளில் ‘பி.டி. அசிஸ்டன்ட்’ என்று ஒரு பதவி உண்டு. பெயரில்தான் அசிஸ்டன்ட், அவர் பட்டப்படிப்பும் பி.எட்.டும் முடித்த பட்டதாரி ஆசிரியர். உண்மையிலேயே துணைக்கு நிற்கும் எங்களுக்கோ பதவிப் பெயரே கிடையாது. சம்பளப் பதிவேட்டில் ஒரு பள்ளியில் ‘ஹெல்பர்’ என்றிருக்கும், அடுத்த தெருப் பள்ளியில் ‘ஆயா’ என்றிருக்கும். பிள்ளைகள்தான் ‘சின்ன மிஸ்’ என்று கூப்பிடுவார்கள்.

வேலை என்னவோ பெயரைப்போல் சின்னதல்ல. நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் யு.கே.ஜி. வகுப்பில் ஆசிரியர் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது, பின்வரிசையில் பென்சிலை முஷ்டியால் பிடித்து முனையை ஒடித்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் விரல்களைப் பிரித்து மறுபடி பிடிக்கச் செய்வதும், பசியில் அழுவது யார், பயத்தில் அழுவது யார் என்று பார்த்துச் சொல்வதும் எங்கள் பொறுப்பு. சில ஆண்டுகளுக்கு முன் காசிமேட்டிலிருந்து வந்த ஒரு பையன், படம் பார்த்துப் பெயர் சொல்லும் பாடத்தில் படகுப் படத்தைக் கண்டதும் ‘லாஞ்சி’ என்றான். புத்தகத்தில் ‘படகு’ என்று இருந்ததால், தாம்பரம் பக்கத்திலிருந்து புதிதாக வந்து சேர்ந்திருந்த ஆசிரியர் தவறு என்று சொல்லிவிட்டார். அதன்பின் இரண்டு நாள் அவன் எந்தப் படத்துக்கும் வாய் திறக்கவில்லை. அவன் அப்பா தொழிலுக்குப் போவது விசைப்படகில். அதை அங்கே லாஞ்சி என்றுதான் சொல்வார்கள். மூன்றாம் நாள் அவனைத் தனியே உட்காரவைத்து, லாஞ்சியும் படகுதான், ஃபைபரும் படகுதான், கட்டுமரம் படகா இல்லையா என்று அவனையே கேட்டேன்; அரை மணி நேரம் எனக்குப் பாடம் நடத்தினான். அன்று நான் செய்தது முறையான வழிதானா, தற்செயலாகப் பலித்ததா என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியாது. பயிற்சி வேண்டும் என்று நான் கேட்பதற்கு முதல் காரணம் இதுதான்.

பயிற்சியே இல்லையா என்று வாசகர்கள் கேட்கலாம். முழு ஆசிரியராவதற்கு வழி தெளிவாகவே இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் இரண்டு ஆண்டு தொடக்கக் கல்விப் பட்டயம் படித்து, ஐந்து பகுதிகளில் 150 வினாக்கள் கொண்ட ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாளில் தேர்ச்சி பெற்றால், ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்குத் தகுதி கிடைக்கும். ஆனால் அந்தப் பட்டயம் இரண்டு ஆண்டும் பகலில் வகுப்புக்குப் போய்ப் படிக்க வேண்டியது. பள்ளி வேலையையும் அதன் சம்பளத்தையும் விட்டுவிட்டுப் போகக்கூடியவர்கள் எங்களில் மிகச் சிலரே. மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்குக் கற்பிக்க விரும்பினால், 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வு கவுன்சில் ஏற்ற படிப்பை முடித்து அதில் பதிவு பெற வேண்டும். சென்னையை ஒட்டி அதற்குப் பெயர்பெற்ற மத்திய அரசு நிறுவனம் நகருக்குத் தெற்கே முட்டுக்காட்டில் இருக்கிறது. வடகோடியில் உள்ள எண்ணூரிலிருந்து ஒரு பெண் தினமும் முட்டுக்காட்டுக்குப் போய்வர வேண்டும் என்றால் படிப்புக்கு மீதி இருக்கும் நேரம் எவ்வளவு என்று தாங்களே எண்ணிப்பாருங்கள்.

இந்த இடைவெளியில்தான் தனியார் பயிற்சி நிலையங்கள் கடை விரித்திருக்கின்றன. நானும் அப்படி ஓரிடத்தில் 18,000 ரூபாய் கட்டி, ஆறு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் நர்சரி ஆசிரியர் பயிற்சி படித்தேன். வண்ணக் காகிதத்தில் பூ ஒட்டுவதையும் விரல் பொம்மை செய்வதையும் நன்றாகவே கற்றுக்கொடுத்தார்கள் என்பதை மறைக்கமாட்டேன். ஆனால் ஒரு நாள்கூட ஒரு வகுப்பறைக்குள் அழைத்துப் போகவில்லை. முடிவில் பொன்னிற முத்திரையோடு சர்வதேச டிப்ளமோ என்று ஒரு சான்றிதழ் தந்தார்கள். அடுத்த வேலைக்கு அதை எடுத்துக்கொண்டு போனபோது, ‘இது எந்த போர்டு?’ என்று அலுவலக எழுத்தர் கேட்ட கேள்விக்கு அதில் எங்கு தேடியும் விடை இல்லை.

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம் தொடக்க வகுப்புகளுக்கு 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்ற கணக்கை வைக்கிறது. துணையாளர் என்று ஒருவரை அது குறிப்பிடவில்லை. இத்தனைக்கும் நமக்கு இது புதிய ஏற்பாடு அல்ல. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாக இருந்து சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த வழக்கம் தெரிந்ததே. எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல், பிள்ளைகளையே கொண்டு பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறையை இங்கே செய்துபார்த்து 1797-இல் எழுதி வெளியிட்டார். இங்கிலாந்தில் அது ‘மெட்ராஸ் முறை’ என்றே பரவியது. நம் ஊர்ப் பெயரில் ஊரெல்லாம் போன ஒன்றுக்கு நம் ஊரில் ஒரு பாடத்திட்டம் இல்லை என்பது வேடிக்கைதான்.

கொரோனாவுக்குப் பின் 2021-இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு ஏராளமான பெண்கள் மாலை நேரத்தில் தெருப் பிள்ளைகளுக்குக் கற்பித்தார்கள். நானும் இரண்டு ஆண்டுகள் எங்கள் தெருவில் நடத்தினேன். ஆட்கள் கிடைப்பார்களா என்ற ஐயத்துக்கு அதுவே விடை. அவர்களுடைய அந்த அனுபவம் மேற்கொண்டு எந்தப் படிப்பிலும் ஒரு மதிப்பெண்ணாகக்கூட ஏறுவதில்லை.

பயிற்சி அவசியம் என்பதற்கு இன்னொரு காரணத்தைச் சற்றுத் தயக்கத்தோடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. பிள்ளைகளைக் கழிப்பறைக்கு அழைத்துச் செல்வதும், உடை மாற்றிவிடுவதும் நாங்கள். உடம்பில் காயமோ நடத்தையில் மாற்றமோ இருந்தால் முதலில் கண்ணில் படுவது எங்களுக்கு. 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, பிள்ளைக்குப் பாலியல் குற்றம் நேர்ந்தது தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாமல் இருப்பது குற்றம். இதையும் 1098 என்ற சிறுவர் உதவி எண்ணையும் நான் வேலைக்குச் சேர்ந்து ஐந்தாம் ஆண்டில், ஒரு பெற்றோர் வாயிலாகத்தான் அறிந்தேன்.

ஆசிரியர் சங்கத்தைச் சேர்ந்த நண்பர் ஒருவர், துணையாளருக்குச் சான்று கொடுத்தால் அவரையே குறைந்த சம்பளத்துக்கு ஆசிரியராக உட்காரவைத்துவிடுவார்கள் என்று எச்சரித்தார். நியாயமான பயம்தான். 2012-இல் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் 16,000-க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டதையும், பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடியதையும் யாரும் மறந்துவிடவில்லை. ஆனால் சான்று இல்லாத இன்றும், ஆசிரியர் விடுப்பில் போனால் வகுப்பு முழுவதையும் நாங்கள்தான் பார்த்துக்கொள்கிறோம். துணையாளர் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று எழுத்தில் இருந்தால்தானே மறுப்பதற்கும் ஒரு பிடி கிடைக்கும்?

ஆகவே பள்ளிக் கல்வித் துறைக்குத் தங்கள் வாயிலாக நான் வைக்கும் கோரிக்கை இது. சனி, ஞாயிறுகளில் நடக்கும் ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்பு ஒன்றை, வியாசர்பாடி டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி, பிராட்வே பாரதி மகளிர் கல்லூரி போன்ற அரசுக் கட்டடங்களில் நடத்தலாம். வகுப்பறைப் பயிற்சியை இப்பகுதியிலுள்ள மாநகராட்சிப் பள்ளிகளில், அனுபவமுள்ள இடைநிலை ஆசிரியர் ஒருவரின் கீழ் குறிப்பிட்ட நாட்கள் செய்ய வேண்டும் என்று கட்டாயமாக்கலாம். ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களை, வகுப்பில் வைத்து நேரில் சோதித்து, அந்த வகுப்பறைப் பயிற்சியிலிருந்து மட்டும் விலக்கு அளிக்கலாம். பின்னாளில் அவர்கள் தொடக்கக் கல்விப் பட்டயத்தில் சேர்ந்தால், இந்த ஓராண்டை அங்கே ஏதேனும் ஒரு வகையில் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். எனக்கு இதுவே எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது. கட்டணம் எவ்வளவு இருந்தாலும் அது எங்கள் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டாமல் இருந்தால் போதும்.

இதே வேலையில் இன்னும் இருந்துவருவதால் என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கொருக்குப்பேட்டை, சென்னை.