டிரில் சக்கை சுத்தியலால் அடிக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

குன்னூர், கோத்தகிரி பக்கம் மழை ஓய்ந்து வீட்டு வேலைகள் தொடங்கியதும் சக் (துளை போடும் கம்பியான பிட்டைப் பிடித்துக்கொள்ளும் முன்தலை) இறுகிப்போன டிரில் மெஷின்கள் பட்டறைக்கு வர ஆரம்பித்துவிடும். மாதக்கணக்கில் ஈரத்திலும் மூடுபனியிலும் கிடந்தால் இரும்பு வேறென்ன செய்யும்? ஆனால் பலரும் வீட்டிலேயே சுத்தியலால் நாலு போடு போட்டுவிட்டுத்தான் கொண்டுவருகிறார்கள், அதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. பக்கவாட்டில் அடித்தால் சக்கைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டில் வளையும், பேரிங் போகும், அதன்பிறகு போடுகிற ஓட்டை எதுவும் வட்டமாக வராது.

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள், பேட்டரி மெஷின் என்றால் பேட்டரியைக் கழற்றுங்கள். பிட்டைப் பிடிக்கும் தாடைகள் மட்டும் இறுகியிருந்தால் பெரும்பாலும் துருவும் சிமென்ட் தூளும்தான் காரணம். மூக்கைக் கீழே பிடித்துத் தூசியைத் தட்டிவிட்டு, துரு இளக்கும் எண்ணெய் கொஞ்சமாக விட்டு ஒரு ராத்திரி வையுங்கள். தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம், நம்ம ஊர்க் குளிரில் அது உள்ளேயே உறைந்துவிடும். காலையில் சக் சாவியை மூன்று ஓட்டையிலும் மாற்றி மாற்றிப் போட்டு இரண்டு பக்கமும் திருப்புங்கள். சாவியில் பைப்பை மாட்டி நெம்பினால் பல் உடையும்.

சக்கையே மொத்தமாகக் கழற்ற வேண்டுமென்றால் தாடைகளை முழுசாக விரித்து டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். ரிவர்ஸ் ஓடும் மெஷின்களில் அடியில் ஒரு ஸ்குரு இருக்கும். அது இடது மரை, கடிகாரம் சுற்றுகிற பக்கம் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் வழக்கம்போலத் திருப்பி அதன் தலையைத் தேய்த்தவர்கள் எத்தனையோ பேர். ஸ்குரு வந்த பிறகு 'எல்' வடிவத்தில் இருக்கும் பெரிய ஆலன் கீயின் குட்டைக் கையைத் தாடையில் இறுக்கி, கியரைக் குறைந்த வேகத்தில் வைத்து, நீளக் கையில் ரப்பர் சுத்தியலால் கடிகாரம் சுற்றுகிறதற்கு எதிர்ப்பக்கமாகச் சுரீரென்று ஒரு தட்டு. கீயை மாட்டிவிட்டு மோட்டாரை ரிவர்ஸில் ஓட்டிக் கழற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், கை மணிக்கட்டு போய்விடும்.

நிற்கிற பில்லர் டிரில்லுக்கு இதெல்லாம் ஆகாது, அதில் சக்கை மாட்ட மரைக்குப் பதிலாகக் கூம்புப் பிடிதான் பெரும்பாலும் இருக்கும், ஆப்பு வைத்துத்தான் இறக்க வேண்டும்.

புது சக் வாங்கப் போகிறவர்கள் பழையதன் பக்கத்தில் பொறித்திருக்கும் மரை அளவை, 1/2-20 என்பதுபோல இருக்கும், குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

இப்படிக்கு,
ஒரு பட்டறைக்காரர், குன்னூர்