நாலடி போதும்

ஆனைமலை

அன்புள்ள சிவராஜ்,

உன் கடிதமும் கூடவே வரைந்து அனுப்பிய படமும் கிடைத்தன. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடச் சொல். அடுப்படிப் புகையில் போய் நிற்க விடாதே. சொன்னால் கேட்கிற ஆள் இல்லை அவர்கள். உன் தங்கையை விட்டுச் சொன்னால் ஒருவேளை எடுபடும்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். பையனுக்கு ஓசூரில் வேலை கிடைத்துப் போய்ச் சேர்ந்துவிட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பென்னாகரம் வந்து உன்னைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். தோப்புதான் மனசைக் கெடுக்கிறது. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் வேர் வாடல் நோய் தென்னையைப் படுத்துகிற பாடு உனக்குத் தெரியும். எங்கள் கிழக்குத் தோட்டத்தில் அப்பா வைத்த மரங்களை வெட்ட வேண்டியதாகிவிட்டது. செங்கல் சூளைக்கு என்று விலை பேச வந்தார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. அடிமரத்தை மட்டும் பலகையாக அறுத்து வைத்தேன். அந்தப் பலகையில்தான் போன வருஷம் மர சைலோ, அதாவது பச்சைத் தீவனத்தைக் காற்றுப் புகாமல் அடைத்துப் புளிக்க வைக்கிற தொட்டி கட்டினேன். நீ கேட்டிருப்பதும் அதைப் பற்றித்தானே, சொல்கிறேன்.

முதலில் உன் படத்தைப் பற்றி. பத்தடி அகலம், பதினைந்தடி உயரம், தேக்குப் பலகை என்று போட்டிருக்கிறாய். பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் இதைக் கட்டாதே மாப்ளே. தேக்கு விலைக்காக மட்டும் சொல்லவில்லை. அகலம்தான் ஆகாது.

உன்னிடம் இருப்பது ஐந்து கறவை. ஒரு மாட்டுக்கு நாளைக்கு 15 கிலோ ஊறுகாய்ப் புல், அதாவது புளிக்க வைத்த சைலேஜ் வைத்தால் மொத்தம் 75 கிலோ. நன்றாக மிதித்து இறுக்கிய மக்காச்சோள சைலேஜ் ஒரு கன மீட்டருக்கு 600 கிலோ அளவு நிற்கும். பத்தடி அகலத் தொட்டியில் 75 கிலோ எடுத்தால் மட்டம் ஒரு நாளைக்கு இரண்டு சென்டிமீட்டர் கூட இறங்காது. நம் வெயிலுக்குத் தினம் குறைந்தது நாலு அங்குலமாவது இறங்க வேண்டும். இல்லையென்றால் மேலே காற்றுப் பட்ட அடுக்கு நீ எடுப்பதற்கு முன்பே சூடேறிப் பூஞ்சை பிடிக்கும். நாளைக்கு எடுக்க வேண்டியது இன்றைக்கே கெடும், அடுத்த நாளும் அதே கதைதான். எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் ஒருவர் அகலமான சிமெண்டுத் தொட்டியில் போட்டிருந்தார். கோடையில் அதில் கையை விட்டுப் பார்த்தேன், கொதிக்கிற மாதிரி சூடு. பழுப்பாகி, மக்கின வாடை. மாடு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதே சோளம், அதே நாளில் வெட்டியது, என் தொட்டியில் மஞ்சள் கலந்த பச்சையாக, லேசான புளிப்பு வாசத்தோடு இருந்தது.

ஆக, சைலோவின் அகலத்தை மாடுகளின் எண்ணிக்கை தீர்மானிக்க வேண்டும். எத்தனை நாளைக்கு வேண்டும் என்பதை உயரத்தாலோ தொட்டிகளின் எண்ணிக்கையாலோ சரிக்கட்டலாம். உனக்கு உள் அகலம் நாலடி போதும். உயரம் எட்டடி வை, அதற்கு மேல் நிரப்புவதும் மிதிப்பதும் கஷ்டம். ஒரு தொட்டியில் ஒன்றரை டன்னுக்கு மேல் பிடிக்கும், உன் ஐந்து மாட்டுக்கு மூன்று வாரம் தாராளமாக வரும். அப்படி நாலு தொட்டி இருந்தால் மாசிக் கடைசியிலிருந்து வைகாசி வரை ஓட்டிவிடலாம். அரை ஏக்கர் ஆப்பிரிக்கன் டால் ரக மக்காச்சோளமே இதற்குப் போதும். ஒரே வருஷத்தில் நாலும் கட்ட வேண்டாம். முதலில் ஒன்று கட்டி, ஒரு கோடை ஓட்டிப் பார்.

வட்டமாகத்தான் கட்ட வேண்டுமா, சதுரமாகக் கட்டினால் ஆசாரிக்குச் சுலபமே என்று கேட்டிருக்கிறாய். இந்தச் சந்தேகத்துக்கு வயசு நூற்று ஐம்பது. அமெரிக்காவில் இல்லினாய்ஸ் மாநிலத்தில் பிரெட் ஹேட்ச் என்பவர் 1873-ல் கட்டியதைத்தான் அந்த நாட்டின் முதல் செங்குத்துச் சைலோ என்பார்கள். அது மரத்தில், மூலைகளோடு கட்டியது. அப்புறம் நிறையப் பேர் அதே மாதிரி கட்டினார்கள். மூலையில் தீவனம் சரியாக இறுகாது, காற்று தங்கும், அங்கேதான் அழுகல் ஆரம்பிக்கும். விஸ்கான்சின் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த எப்.எச். கிங், 1890-களின் தொடக்கத்தில் வட்டச் சைலோவை வலியுறுத்தி எழுதினார். அதன் பிறகு அந்த ஊரில் சைலோ என்றாலே வட்டம்தான். வட்டத்தில் இன்னொரு லாபமும் உண்டு. உள்ளிருந்து தீவனம் தள்ளும்போது சதுரத்தின் பலகை வெளியே வளையும், அதைத் தடுக்கக் கனமான சட்டம் வேண்டும். வட்டத்தில் அந்தத் தள்ளு முழுவதையும் சுற்றிப் போட்ட கம்பி வாங்கிக்கொள்ளும். மெல்லிய பலகையே போதும்.

அந்தத் தள்ளு எவ்வளவு என்று பயப்படாதே. ஆழம் ஒரு அடி கூடக்கூட, சதுர அடிக்கு 11 பவுண்டு, அதாவது 5 கிலோ அழுத்தம் கூடும் என்று பழைய அமெரிக்கக் கையேடுகள் கணக்கு வைத்திருந்தன. எட்டடி ஆழத்தில் சதுர அடிக்கு 40 கிலோ. நாலடி அகலத் தொட்டியின் அடியில், அடிக்கு ஒரு கம்பி என்று போட்டால் ஒரு கம்பி சுமக்கிற இழுவை 80 கிலோவைச் சுற்றித்தான் வரும். 8 மில்லிமீட்டர் கம்பி அதைப் போலப் பல மடங்கு தாங்கும். ஆள் ஏறி மிதிப்பதையும் சேர்த்தே சொல்கிறேன். கீழே அடிக்கு ஒன்று, மேலே போகப் போக ஒன்றரை அடிக்கு ஒன்று போட்டால் சரி. முனையில் மரை வெட்டி, ஒரு ஆங்கிள் துண்டில் நுழைத்து, நட்டு போட்டு முறுக்கும்படி வை. வெல்டிங் வைத்து மூடிவிடாதே. மரம் காய்ந்தால் சுருங்கும், மழையில் ஊறினால் உப்பும். கோடையில் காலியாக நிற்கும்போது கம்பி தளர்ந்து பலகை ஆடும், அப்போது முறுக்க வேண்டும். நிரப்பி மழை பிடித்த பிறகு கொஞ்சம் தளர்த்த வேண்டும். மாட்டு வண்டிச் சக்கரத்துக்குப் பட்டா போடுகிற மாதிரிதான், ஆனால் இங்கே பட்டாவைத் தேவைக்கு இறுக்கவும் தளர்த்தவும் முடிகிறது.

பலகைக் கணக்கு இது, ஆசாரியிடம் அப்படியே காட்டு. நாலு அங்குல அகலம், ஒண்ணேகால் அங்குலக் கனம், எட்டடி நீளம், 40 பலகை. 40 பலகை ஒரு வட்டம் சுற்றி வர, ஒவ்வொரு ஓரத்தையும் நாலரை டிகிரி சாய்த்துச் சீவ வேண்டும். டிகிரி பேச்சு அவருக்கு ஒத்துவராவிட்டால், வெளிமுகத்தைவிட உள்முகம் மொத்தம் 5 மில்லிமீட்டர் குறுகலாக இருக்க வேண்டும் என்று சொல், ஒரு கட்டை செய்து வைத்துக்கொண்டு வரிசையாகத் தள்ளிவிடுவார். ஆணி ஒன்றுகூட உள்பக்கம் வரக் கூடாது. சைலேஜ் புளித்து பி.எச். 4-க்குப் பக்கம் வந்துவிடும், அந்தச் சாறு இரும்பையும் தின்னும், சிமெண்டையும் தின்னும். மரத்தை அவ்வளவு சீக்கிரம் ஒன்றும் செய்யாது. மரத்தில் கட்டுவதற்கு நான் சொல்கிற முதல் காரணமே இதுதான், செலவு இரண்டாவது.

எந்த மரம்? பனை வைரம் பாய்ந்தது, ஆனால் நம் மாநிலத்தில் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும், நின்று வாழட்டும் அது. பழைய வீடு இடிக்கிற இடத்தில் பனஞ்சட்டம் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கு. வேம்பு நல்லது, எட்டடிக்கு நேராகக் கிடைப்பதுதான் அபூர்வம். தென்னை என்றால் முதிர்ந்த மரத்தின் அடிப்பாதி, அதிலும் வெளிச்சுற்று மட்டும். கறுப்பு நார் நெருக்கமாக ஓடுகிற பலகையைக் கையில் எடுத்தாலே கனம் தெரியும். நடுச்சோறு ஆகாது, விரல் நகம் இறங்கும். தென்னை அறுத்தால் ரம்பப் பல் சீக்கிரம் மழுங்கும், அதனால் கார்பைடு பல் வைத்த பிளேடு இருக்கிற மில்லாகப் பார். அறுத்த அன்றே போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் முக்கி, இடையில் குச்சி வைத்து நிழலில் அடுக்கி உலர்த்த வேண்டும். என்னிடம் இன்னும் ஒரு தொட்டிக்குப் பலகை மிச்சம் இருக்கிறது. லாரி வாடகை மட்டும் உன் பொறுப்பு.

தென்னை மரத்துக்கு ஈரத்தில் ஆயுசு குறைவு. அதனால் உள்ளே கெட்டியான பாலிதீன் தாளைக் குழாய் மாதிரி சுற்றி இறக்கிவிடு. பழைய காலத்தில் தாள் கிடையாது, தீவன ஈரத்தில் பலகை உப்பித் தானே இடுக்கை அடைத்துக்கொள்ளும். இப்போது காற்றைத் தடுப்பது தாளின் வேலை, தள்ளைத் தாங்குவது மரத்தின் வேலை. ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் தாளை மாற்று. கரையான் மருந்து எதையும் உள்பக்கம் அடிக்காதே, அது நேராகப் பாலில் வந்து நிற்கும். வெளிப்பக்கம் அடியில் மட்டும் முந்திரி ஓட்டு எண்ணெய் பூசு. கையில் பட்டால் புண்ணாக்கிவிடும், உறை போட்டுக்கொள்ளச் சொல்.

காசை எங்கே கொட்டுவது என்று கேட்டால், அடித்தளத்தில் கொட்டு என்பேன். மரம் மண்ணைத் தொட்டால் கரையான் ஏறிவிடும், எந்த மரமானாலும் சரி. ஒன்றரை அடி மேடை கட்டி, மேலே கருங்கல் பலகை போடு. கடப்பா வேண்டாம், அது சுண்ணாம்புக்கல், புளிப்பு அரித்துவிடும். தரைக்கு லேசான வாட்டம் கொடுத்து ஒரு பிளாஸ்டிக் குழாய் வை. குழாயை வளைத்து அதில் எப்போதும் தண்ணீர் நிற்கும்படி செய்தால் சாறு வெளியே வரும், காற்று உள்ளே போகாது. அந்தச் சாறு கிணற்றுப் பக்கம் போகவே கூடாது. அடியைச் சுற்றி இரண்டடி உயரத்துக்கு வழுவழுப்பான தகரம் அடித்துவிடு, எலி ஏறாது. எலி ஒரு ஓட்டை போட்டால் அந்த ஒரு பக்கமே அழுகிப்போகும். எங்கள் ஊரில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடியில் அம்மியையே தூக்கும், அதனால் காலித் தொட்டியை நாலு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டியிருக்கிறேன். உனக்கும் இரண்டு பக்கமாவது கட்டுவது நல்லது.

வாசல் விஷயத்தில் நம் பத்தாயத்தைப் பார்த்துத்தான் செய்தேன். பத்தாயத்தின் முகப்பில் பள்ளம் எடுத்த இரண்டு சட்டங்களுக்கு நடுவே ஒன்றன்மேல் ஒன்றாகப் பலகையைச் செருகுவார்களே, அதேதான். ஒன்றேகால் அடி அகலத்துக்கு, அந்தப் பக்கம் வருகிற சில பலகைகளுக்குப் பதில், மேலிருந்து கீழ்வரை இப்படிச் செருகு பலகை வை. வளையக் கம்பி அதற்கு வெளியே குறுக்காகப் போகும், ஏறி இறங்கப் படியாகவும் ஆகும். தீவனம் இறங்க இறங்க மேல் பலகையாகக் கழற்றிக்கொண்டே வரலாம்.

இந்த வாசலை நான் வற்புறுத்துவதற்கு வேறு காரணம் இருக்கிறது சிவராஜ். வாசல் இருந்தால் தீவனம் எடுக்க யாரும் உள்ளே இறங்க வேண்டியதில்லை. நிரப்பிய முதல் மூன்று வாரம் தொட்டிக்குள் விஷ வாயு தங்கும். கரியமில வாயு வாசனையே காட்டாது. நைட்ரஜன் டை ஆக்சைடு பழுப்பாகத் தெரிந்தாலும் தெரியும், தெரியாமலும் இருக்கும். இரண்டும் காற்றைவிடக் கனம், பள்ளத்தில் படுத்துக் கிடக்கும். எட்டடித் தொட்டிதானே என்று யாரும் உள்ளே இறங்கக் கூடாது, எட்டிக் குனிந்துகூடப் பார்க்கக் கூடாது. வெட்டுவது, நிரப்புவது, மிதிப்பது, மூடுவது எல்லாம் ஒரே நாளில் முடிய வேண்டும். சில நாளில் மட்டம் இறங்கும், இறங்கட்டும், மேலே வைத்த வெயிட்டை மட்டும் வெளியிலிருந்தே சரிசெய். வீட்டுப் பிள்ளைகளுக்கும் வேலையாளுக்கும் இதை நீயே உன் வாயால் சொல்.

மற்றதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். கதிர் மாவு பிடிக்கிற பருவத்தில், ஈரம் 65-லிருந்து 70 சதவீதம் இருக்கும்போது வெட்டு. ஒரு அங்குலத்துக்கு மேல் துண்டு போகக் கூடாது. கம்பு நேப்பியர் புல்லாக இருந்தால் அரை நாள் வாடவிட்டு, கொஞ்சம் வெல்லப்பாகு தெளி, அதில் சர்க்கரை குறைச்சல். அடிக்கு அடி மிதிக்க வேண்டும், ஓரத்தில் இன்னும் நன்றாக. திறக்க 45 நாள் பொறு.

புண்ணாக்கும் உடைத்த மக்காச்சோளமும் இதே தொட்டியில் போடலாமா என்று கேட்டாய். வேண்டாம். அது உலர் சரக்கு, ஈரம் 12 சதவீதத்துக்கு மேல் போனால் கடலைப் புண்ணாக்கில் அப்லாடாக்சின் என்கிற பூஞ்சை நஞ்சு பிடிக்கும், அந்த நஞ்சும் பாலில் இறங்கும். அதற்கு உன் வீட்டுப் பழைய பத்தாயமே போதும், கீல் மாட்டித் துடைத்து எடு.

இரண்டு மாடு மட்டும் வைத்திருக்கிற உன் மச்சானுக்கு இதைக் காட்டி ஆசையைக் கிளப்பிவிடாதே. அவருக்கு மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம் நாலைந்து இருந்தால் போதும்.

மேடை கட்டுகிற இடம் கொட்டகைக்கு எந்தப் பக்கம், வண்டி வந்து நிற்க இடம் இருக்கிறதா என்று எழுது. கிழக்குப் பார்த்த நிழல் கிடைத்தால் வாசலை அந்தப் பக்கமே வைக்கலாம். பலகையை எப்போது ஏற்றுவது என்றும் சொல், அதற்குள் ஓரம் சீவி வைக்கச் சொல்கிறேன். அம்மாவுக்கு என் வணக்கம், தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் அன்பு.

இப்படிக்கு,
உன் கந்தசாமி