மேல்தளத் திருப்பணி நிறைவு: உறுப்பினர்களுக்குக் குழுவின் அறிக்கை

அன்புடையீர்,

நம் கோயில் மகாமண்டப மேல்தள வேலையும் கைப்பிடிச் சுவர்ப் பூச்சும் முடிந்து சாரம் பிரிக்கப்பட்டுவிட்டது. வசூலான தொகையில் பெரும்பங்கு, கீழே நின்று பார்த்தால் தெரியாத இடத்தில்தான் போயிருக்கிறது. “வர்ணம் எங்கே?” என்று கேட்பவர்களுக்காக இந்த விளக்கம்.

மண்டபம் ஒழுகியதற்குப் பழைய சுண்ணாம்புத் தளம் காரணமல்ல. முந்தைய திருப்பணிகளில் அதன்மேல் போட்ட சிமெண்டுப் பூச்சுதான் காரணம். வெயிலில் அது வெடிக்க, விரிசல் வழியே இறங்கிய மழைநீர் மேலே உலர வழியின்றிக் கூரைக் கற்பலகைகளான பாவுகற்களுக்குள் இறங்கியது. பழையதை எடுக்காமல் மேலே மேலே போட்டதில் தளமட்டமும் உயர்ந்து, மழைநீர் வெளியேறும் கோமுகையின் வாய் பாதி புதைந்து கிடந்தது. ஆகவே முதல் வேலை, எல்லாவற்றையும் கையுளியால் கொத்தி இறக்கியது. டிரில்லர் வைத்தால் அதிர்வில் பாவுகல் விரிசல் விடும் என்பதால் அனுமதிக்கவில்லை.

புதிய தளம் 20 மி.மீ. செங்கல் ஜல்லியும், தண்ணீர் விட்டு நீற்றிய சுண்ணாம்பும், கன அளவில் 32-க்கு 12.5. மணல் கிடையாது. கோமுகையை நோக்கி வாட்டம் கொடுத்துப் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துக்கொண்டே மரக்கட்டையால் அடிக்க வேண்டும். அடித்த கட்டை தானாக எகிறித் திரும்பினால்தான் அடி போதும். அதன்மேல் தட்டோடு எனும் தட்டையான மண் ஓடு இரண்டு வரிசை, ஒன்றின் மூட்டு மற்றதன் மூட்டுக்கு நேரே வராதபடி. எஸ்டிமேட்டில் தட்டோடு பதிக்கச் சிமெண்டுக் கலவை என்றிருந்தது. அதைச் சுண்ணாம்பு என்று திருத்தி ஒப்புதல் வாங்கியதில்தான் தாமதம்.

ஒரு தவறும் நடந்தது. கைப்பிடிச் சுவரின் தென்புறப் பூச்சில், பூசி ஒரு மாதத்தில் பயறு அளவுக்குக் குழிகள் விழுந்தன. ஒவ்வொரு குழியின் அடியிலும் துளி வெள்ளைப் பொடி. சரியாக நீறாத சுண்ணாம்புக் கட்டி பூச்சுக்குள் தங்கி, ஈரம் பட்டதும் தாமதமாக நீறிப் பருத்து, மேல்தோலைத் தள்ளிவிடுகிறது. மூன்றே நாள் ஊறியதைச் சலிக்காமல் அரைத்திருக்கிறார்கள். ஒப்பந்ததாரர் செலவிலேயே அந்தப் பக்கம் முழுதும் கொத்தி, நன்கு ஊறிய சுண்ணாம்பைச் சலித்து மறுபடி பூசப்பட்டது.

கல்வெட்டுச் சுவர்களைச் சுத்தம் செய்ய, இயந்திரத்தால் மணலைப் பீய்ச்சும் மணல் வீச்சு கூடாது; எழுத்தின் விளிம்பே போய்விடும். தண்ணீர், மென்தூரிகை, மூங்கில் சீவு மட்டுமே பயன்பட்டன.

நிதி விஷயம். கலசத்துக்கும் வர்ணத்துக்கும் உபயதாரர்கள் தாமாக வந்தார்கள். தட்டோட்டுக்கும் கோமுகைக்கும் ஆள் இல்லை. தளத்தைச் சதுர மீட்டராகப் பிரித்து உபயம் எழுதியதுதான் கைகொடுத்தது. சாரத்துக்கு வாடகை நாள் கணக்கில் ஓடும் என்பதால், ஒரு பகுதிக்கு முழுத்தொகை சேர்ந்த பிறகே அங்கே சாரம் கட்டினோம். பில்கள், முடிந்த வேலையை அளந்து எழுதும் எம்-புக் (அளவுப் புத்தகம்) படியே பட்டுவாடா ஆயின. ஒப்பந்ததாரர் பில்லில் பிடித்துவைத்த தொகை இரண்டு மழைக்காலம் கண்ட பிறகே விடுவிக்கப்படும். ரூ.2,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த நன்கொடைக்கு வருமான வரிச்சலுகை கிடையாது. ரசீது கேட்டு வருத்தப்பட்டவர்கள் பொறுத்தருள வேண்டும்.

ஐப்பசிக்கு முன் கோமுகைகளில் சருகு அள்ளி, அரசங்கன்று முளைத்திருந்தால் வேரோடு எடுக்க வேண்டும். மேலே மட்டும் வெட்டினால் வேர் உள்ளே பருக்கும். மீந்த சுண்ணாம்பு மடைப்பள்ளிக்குப் பின்னாலுள்ள தொட்டியில் தண்ணீருக்கடியில் இருக்கிறது. விரிசல் கண்டால் அதையே எடுத்துப் பூசலாம். சிமெண்டு மூட்டையோடு யாரும் மேலே ஏற வேண்டாம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு