நீல பம்ப் மட்டும் போதாது, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். டெல்லிப் புகையில், இளைப்பு வந்தால் அடிக்கிற நீல பம்ப் (இன்ஹேலர்) மாதம் ஒன்று தீர்ந்துவிடுகிறது என்று போனில் சாதாரணமாகச் சொல்லிவிட்டாய். எனக்கு அது சாதாரணமாகப் படவில்லை. ஒரு பம்பில் 200 அழுத்தல். வருடத்துக்கு மூன்று பம்ப் தாண்டினாலே இளைப்பு கட்டுக்குள் இல்லை என்று அர்த்தம்.

அதில் இருக்கிற சல்பூட்டமால், மூச்சுக்குழாயைச் சுற்றி இறுகிக் கிடக்கும் தசையைத் தளர்த்தும். சில நிமிடத்தில் மூச்சு இலகுவாகும், நான்கைந்து மணி நேரம் தாங்கும். குழாயின் உட்புற வீக்கத்தை மட்டும் அது தொடாது. வீக்கம் வடியாதவரை இளைப்பு திரும்பத் திரும்ப வரும், நீயும் அழுத்திக்கொண்டே இருப்பாய். அதற்குத்தான் டாக்டர் ஃபார்மோடெராலும் புடசோனைடும் சேர்ந்த இன்ஹேலரை எழுதினார். அதில் வீக்கத்தை வடிக்கிற புடசோனைடு ஒரு ஸ்டீராய்டு என்று பயந்து நீ நிறுத்திவிட்டாய். சல்பூட்டமாலை மட்டும் நம்பி ஆஸ்துமாவைச் சமாளிக்கக் கூடாது என்று 2019-லேயே உலக ஆஸ்துமா வழிகாட்டுதலை மாற்றி எழுதிவிட்டார்கள் அம்மா.

பம்பில் போகிற மருந்தின் அளவு எவ்வளவு சிறியது தெரியுமா? சல்பூட்டமால் மாத்திரை 4 மில்லிகிராம். பம்பில் ஒரு அழுத்தலுக்கு 100 மைக்ரோகிராம், நாற்பதில் ஒரு பங்கு. நேரே நுரையீரலுக்குப் போவதால் அது போதும். சின்ன வயதில் அதையே சிரப்பாகக் குடித்தால், அளவு அதிகம் என்பதால் உனக்குக் கை நடுங்கும், பென்சில் கோணல்மாணலாக ஓடும், 'நெஞ்சு டிக் டிக்குனு அடிக்குதுப்பா' என்று என் கையை எடுத்து வைத்துக்கொள்வாய். புடசோனைடும் இன்ஹேலரில் மைக்ரோகிராம் கணக்கில்தான் போகிறது. அடித்ததும் வாய் கொப்பளித்துத் துப்பிவிடு, வாய்ப்புண் வராது.

மருந்துக் கடையில் இத்தனை காலம் பார்த்தவன் சொல்கிறேன், பாதிப் பேருக்கு மருந்து தொண்டையோடு நின்றுவிடும். குலுக்கு. மூச்சை முழுக்க வெளியே விடு. மெதுவாக உள்ளே இழுக்கத் தொடங்கும்போதே அழுத்து. பத்து எண்ணும்வரை அடக்கு. பம்பின் வாயில் மாட்டுகிற குழாய், அந்த ஸ்பேசர் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது, ஹாஸ்டலில் யார் பார்த்தால் என்ன?

ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியாமல் மூச்சு வாங்கினால், நீல பம்ப் அடித்தும் அடங்காவிட்டால், விடியட்டும் என்று காத்திருக்காதே. அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போ, போகிற வழியில் எனக்குக் கூப்பிடு.

சனிக்கிழமை டாக்டரைப் பார்த்துவிட்டு மருந்துச் சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா